நகரி முதல் பழவேற்காடு வரை: எரிபொருள் பற்றி வாசகர்கள் கேட்டவை

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, யுரேனியம் ஆகிய புதுப்பிக்க இயலாத எரிபொருள்கள் குறித்தும், அவற்றால் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் நேர்வன குறித்தும் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஆந்திர எல்லையின் இரு பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி (நகரி, விசைத்தறி உரிமையாளர்): என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். "மரம் மக்கி மண்ணுக்குள் போனதுதான் நிலக்கரி என்றால், இப்போதும்தான் மரங்கள் மக்குகின்றன, பிறகு ஏன் நிலக்கரி தீர்ந்துவிடும் என்கிறார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தறி ஓட எவ்வளவு நிலக்கரி எரிகிறது என்பதையும் தாங்கள் தெரிவிக்க வேண்டும்.

பதில்: தங்கள் மகளுக்கு நம் பாராட்டைத் தெரிவியுங்கள். பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடும் இடத்தில் அவர் நின்று கேட்டிருக்கிறார். உண்மையில், மக்கிய மரம் நிலக்கரி ஆவதில்லை. மக்காமல் தப்பிய மரம்தான் நிலக்கரி ஆயிற்று. காட்டில் விழுகிற இலையும் கிளையும் பூஞ்சைகளாலும் நுண்ணுயிர்களாலும் சிதைந்து, அவற்றிலிருந்த கரி (கார்பன்) மீண்டும் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத சதுப்பு நீரில் விழுந்தவை மட்டும் முழுமையாகச் சிதையாமல் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே மணலும் களியும் மூட, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் படிப்படியாக நிலக்கரியாகின்றன. சதுப்பில் இத்தகைய படிவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். அப்படிப் பல மீட்டர் கனத்துக்கு வளர்ந்த படிவு நசுங்கித்தான் ஒரு மீட்டர் நிலக்கரி கிடைக்கிறது. நசுங்குவதற்கு ஆகும் காலம் தனி. நமக்கு அருகிலுள்ள பெரிய நிலக்கரிப் படுகை கோதாவரிப் பள்ளத்தாக்கில், சிங்கரேணிச் சுரங்கங்கள் இருக்கும் பகுதியில் உள்ளது. அங்கே இல்லந்து அருகே 1871-இல் வில்லியம் கிங் என்ற நிலவியலாளர் கண்டறிந்த கரியும், ஒடிசாவின் தால்ச்சேர் கரியும் 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அவற்றைவிட மிகவும் இளையது. ஆனாலும் அதன் வயதையும் கோடி ஆண்டுகளில்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 2024-25 நிதியாண்டில் முதன்முறையாக நூறு கோடி டன்னைத் தாண்டியது. இன்றும் சில நாடுகளின் சதுப்புகளில் புதிய படிவு சேர்ந்துகொண்டிருப்பது உண்மையே; ஆனால் அது கரியாவதற்குள் மனித இனம் இருக்குமா என்பதே ஐயம். ஆகவே "புதுப்பிக்க இயலாத" என்பதற்கு, நாம் செலவழிக்கும் வேகத்தில் திரும்பக் கிடைக்காத என்று பொருள் கொள்ளச் சொல்லுங்கள்.

இனி, தறியின் கணக்கு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் பொருத்திய ஒரு தறி பத்து மணி நேரம் ஓடினால் சுமார் ஏழரை யூனிட் ஆகும். அது முழுவதும் அனல் மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு எழுநூறு கிராம் வீதம் ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகமான நிலக்கரி எரிந்திருக்கும். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 விழுக்காடு வரை உண்டு என்பதால், அந்த ஒரு தறியின் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ சாம்பல் எங்கோ ஓர் ஊரில் கொட்டப்பட்டிருக்கும். ஏழு கிலோ அளவில் கரியமில வாயு புகைபோக்கி வழியே போயிருக்கும். கம்பியில் வீணாவதை இதில் சேர்க்கவில்லை.

கேள்வி (புத்தூர், குடும்பத் தலைவி): எங்கள் வீட்டில் ஆந்திர மின்சாரம்; பள்ளிப்பட்டில் இருக்கும் என் பிறந்த வீட்டில் தமிழ்நாட்டு மின்சாரம். இவற்றுள் எது சூழலுக்குக் குறைந்த கேடு செய்கிறது?

பதில்: கட்டணச் சீட்டைத் தருகிற நிறுவனம்தான் வேறு, கம்பியில் வருகிற மின்சாரம் ஒன்றே. தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாட்டின் பிற பகுதிகளின் தொகுப்போடு இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே தொகுப்பு. கடப்பை மாவட்டத்து முத்தனூர் அனல் மின் நிலையம், நெல்லூர்க் கரையின் கிருஷ்ணபட்டினம், நம் பக்கத்து அத்திப்பட்டு, வல்லூர், கல்பாக்கம் எல்லாம் அந்த ஒரே ஏரியில் நீர் ஊற்றுகின்றன. தாங்கள் புத்தூரில் ஒரு குடம் முகக்கிறீர்கள், தங்கள் தாயார் பள்ளிப்பட்டில் ஒரு குடம் முகக்கிறார்.

எந்த மாநிலத்து மின்சாரம் என்பதைவிட, எந்த நேரத்து மின்சாரம் என்பதே பொருத்தமான கேள்வி. கர்னூலில் 2017-இல் முழுமை பெற்ற ஆயிரம் மெகாவாட் சூரியப் பூங்காவும் அதற்குப் பின் ராயலசீமையில் எழுந்தவையும் நண்பகலில் தொகுப்புக்குப் பெருமளவு மின்சாரம் தருகின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய மலை இடைவெளிகளின் காற்றாலைகள் சுழல்கின்றன. சூரியன் மறைந்து, எல்லா வீடுகளிலும் விளக்கும் தொலைக்காட்சியும் ஓடும் மாலை ஏழு மணியளவில் சுமை பெரும்பாலும் நிலக்கரியின் மீதும் நீர்மின் நிலையங்களின் மீதும் விழுகிறது. மாவரைப்பதையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் தண்ணீர்த் தொட்டி நிரப்புவதையும் பகலுக்கு மாற்றிக்கொண்டால், அந்த அளவுக்கு மாலைச் சுமை குறையும். விவசாய மோட்டார்களுக்குப் பகலிலேயே ஒன்பது மணி நேரம் மின்சாரம் என்று ஆந்திர அரசு வகுத்த ஏற்பாடு, இரவில் பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சி வயலுக்குப் போன உழவர்களுக்காக வந்தது என்றாலும், இந்த வகையிலும் அது நல்ல ஏற்பாடே.

கேள்வி (பழவேற்காடு, மீனவர் குடும்பத்து இளைஞர்): வானம் தெளிந்த நாட்களில் எங்கள் படகிலிருந்து தெற்கே அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகின்றன. இறாலும் மடவையும் குறைந்துபோனதற்கு அவைதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்வது தங்களுக்கு நியாயம் செய்வதாகாது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தாங்கள் காண்பவை வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் நிலையமும் ஆகும். முதலாவதில் தொடக்கத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும், பின்னர் 600 மெகாவாட் அலகுகள் இரண்டும், அண்மையில் 800 மெகாவாட் அலகு ஒன்றும் அமைந்தன. வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. ஆயிரம் மெகாவாட் நிலையம் ஒன்று ஒரு நாள் முழுத் திறனில் ஓடினால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் யூனிட் கிடைக்கும். அதற்கு ஏறத்தாழ 17,000 டன் நிலக்கரி எரிய வேண்டும். எரிந்தபின் ஆறாயிரம் டன் அளவில் சாம்பல் மிஞ்சும். இருபது டன் லாரியில் ஏற்றினால் நாளொன்றுக்கு முந்நூறு நடை. இவ்வளவு சாம்பலையும் ஒரு நிலையம் நாள்தோறும் எங்காவது வைத்தாக வேண்டும் என்பதே நிலக்கரி மின்சாரத்தின் அடிப்படைச் சிக்கல். புகை அதற்கு அடுத்ததுதான்.

எண்ணூரில் அந்தச் சாம்பலின் ஒரு பகுதி தண்ணீரோடு கலக்கப்பட்டு, குழாய்கள் வழியே சாம்பல் குட்டைகளுக்கு அனுப்பப்பட்டது. அந்தக் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து செல்கின்றன. அவற்றில் மீண்டும் மீண்டும் ஏற்பட்ட கசிவால் ஆற்றுப் படுகையிலும் அலையாத்திச் சதுப்பிலும் சாம்பல் படிந்தது. அது, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகச் சென்றது. படிந்த சாம்பல் ஈரமாக இருக்கும்போது சாம்பல்நிறச் சேறு போலக் காலை வாங்கும். காய்ந்தால் மேலே மெல்லிய ஓடு கட்டி, மிதித்ததும் மாவாகப் பறக்கும். ஆற்றின் ஆழம் குறைந்து, படகு தரை தட்டுகிறது என்று எண்ணூர் மீனவர்கள் கூறுவதன் காரணம் இதுவே. இறால் தன் இளமைப் பருவத்தைக் கழிப்பது இத்தகைய ஆழமற்ற உவர்நீர்ச் சேற்றில்தான். அந்தச் சேற்றின் மேல் உயிரற்ற தூள் படலமாக மூடும்போது, அதன் இரையான புழுக்களும் சிற்றுயிர்களும் முதலில் அழிகின்றன. சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் முதலிய உலோகங்களும் சிறிய அளவில் உண்டு. நீர் ஊறிக்கொண்டே இருக்கும் குட்டைகளிலிருந்து அவை மெல்ல வெளியேறக்கூடும்.

அடுத்தது வெந்நீர். அனல் மின் நிலையம், எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று மிஞ்சிய அளவையே மின்சாரமாக்குகிறது. மீதி வெப்பத்தில் பெரும்பகுதியைக் குளிர்விக்கும் நீர் ஏந்திக்கொள்கிறது. கடற்கரை நிலையங்கள் வெளியேற்றும் நீர், எடுத்த நீரைவிட 7 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது 1999-க்குப் பின் வந்த நிலையங்களுக்கான விதி. விதியைக் கடைப்பிடித்தாலும், கோடையில் ஏற்கெனவே சூடாக இருக்கும் கழிமுக நீரில் இன்னும் ஆறேழு பாகை கூடுவது சிறு செய்தியன்று. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். அதே நேரத்தில் மீனின் உடல் அதிக ஆக்சிஜனைக் கேட்கும்.

இவ்வளவும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லாதவை. பழவேற்காட்டு ஏரியைப் பொறுத்தவரை நாம் எச்சரிக்கையாகப் பேச வேண்டியிருக்கிறது. எண்ணூரையும் பழவேற்காட்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது என்பதாலும், கோடையில் தென்காற்று வீசும் நாட்களில் புகை வடக்கே வரும் என்பதாலும் பாதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏரியில் மீன் குறைந்ததற்கு முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொள்வதும், கடலோரத்தில் எழுந்த துறைமுகக் கட்டுமானங்களால் கரை அரிப்பும் மணல் ஓட்டமும் மாறியதும், ஏரிக்கு வந்து சேரும் நன்னீர் குறைந்ததும் காரணங்களாக உள்ளன. இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. அங்கே நேர்வது இங்கே எதிரொலிக்கும். பாடு முறையில் இடம் வகுத்து, முறை வைத்து, தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வரும் தங்கள் பெரியவர்களின் கூற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எல்லாவற்றையும் புகைபோக்கியின் தலையில் ஏற்றினால் முகத்துவாரத்தைத் தூர்வாராமல் விட்டவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்பதே நம் கவலை.

புகையைப் பற்றியும் ஒரு சொல். தூசியை மின்விசையால் ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றன. தப்பிப் போவது மிக நுண்ணிய தூசி, அதுவே நுரையீரலின் ஆழத்துக்குச் செல்வது. கந்தக டைஆக்சைடோ காற்றிலேயே நுண்துகளாக மாறிப் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யும். அதைப் பிடிப்பதற்கான கருவிகளை அமைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி வகுத்தது. இரண்டே ஆண்டுக் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயமே விலக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அரசு காட்டும் காரணம். குறைவு என்பது உண்மைதான். ஆனால் எரிக்கும் அளவு குறைவில்லையே! பத்தாண்டுகள் கெடு நீட்டிவிட்டு, முடிவில் தேவையில்லை என்று சொல்வதை நம்மால் ஏற்க இயலவில்லை.

கேள்வி (சூலூர்ப்பேட்டை, தனியார் நிறுவன ஊழியர்): தமிழ்நாட்டில் விலை குறைவு என்பதால் எங்கள் பகுதியில் பலர் எல்லை தாண்டி வந்து வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் இரண்டு கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடும் என்று படித்தேன். பெட்ரோலே முக்கால் கிலோதானே இருக்கும், அது எப்படி?

பதில்: பெட்ரோலில் உள்ள கரியின் (கார்பனின்) ஒவ்வோர் அணுவும் எரியும்போது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கரி 32 கிராம் ஆக்சிஜனோடு கூடி 44 கிராம் வாயுவாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 640 கிராம் கரி இருப்பதால், கணக்கு 2.3 கிலோவுக்கு வந்து நிற்கிறது. டீசலுக்கு இது 2.6 கிலோவுக்கும் சற்று மேல். வண்டிப் புகைக்கு வரம்பு வகுக்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. புகைக்கரியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கட்டுக்குள் வந்தன. ஆனால் கரியமில வாயுவைக் குறைக்கும் வடிகட்டி எந்த வண்டியிலும் கிடையாது. எரிப்பதைக் குறைத்தாலொழிய அது குறையாது.

எல்லை தாண்டிப் பெட்ரோல் போடுவதையும் கணக்கிட்டுப் பாருங்கள். லிட்டருக்கு எட்டு ரூபாய் வேறுபாடு என்றும், ஆறு லிட்டர் போடுகிறீர்கள் என்றும், அதற்காக மட்டுமே போக வர முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், மிச்சமாகும் நாற்பத்தெட்டு ரூபாயையும் தாண்டி அறுபது ரூபாய்ப் பெட்ரோல் வழியிலேயே எரிந்துபோகும். வேறு வேலையாக வரும்போது போட்டுக்கொள்வது வேறு. பிளாஸ்டிக் கேன்களில் வாங்கி வீட்டில் அடுக்கி வைப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். தீ அபாயம் ஒருபுறமிருக்க, கேனிலிருந்து கசியும் பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது; மண்ணில் இறங்கினால் ஆழமில்லாத கிணற்று நீரைப் பல காலம் கெடுக்கும்.

கேள்வி (ஊத்துக்கோட்டை, இல்லத்தரசி): சமையல் எரிவாயுவும் பூமிக்கடியிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் சீமைக்கருவேல விறகுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. ஒரு 14.2 கிலோ உருளை முழுவதும் எரிந்தால் நாற்பது கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கரியமில வாயு வெளியாகும் என்பதும், நம் நாடு பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதியாவதும் உண்மை. ஆனால் சன்னலில்லாத அடுப்பங்கரையில் விறகுப் புகையை நாள்தோறும் சுவாசிப்பது பெண்களின் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் செய்யும் கேடு அதைவிடப் பெரியது. வெந்நீர் போடுவதை மட்டும் சூரிய வெந்நீர்க் கருவிக்கு மாற்ற முடிந்தால் உருளை கூடுதலாகச் சில நாட்கள் வரும்.

கேள்வி (திருத்தணி, கல்லூரி மாணவர்): இயற்கை எரிவாயு நிலக்கரியைவிடத் தூய்மையானது என்பதால், எல்லா நிலையங்களையும் அதற்கு மாற்றிவிட்டால் என்ன?

பதில்: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி ஒரு கிலோ அளவில் கரியமில வாயுவை வெளியிடும்போது, நவீன எரிவாயு நிலையம் அதில் ஏறத்தாழ பாதியைத்தான் வெளியிடுகிறது. சாம்பல் அறவே இல்லை. ஆனால் எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். எரியாமல் கசிந்தால், இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கிணற்றிலும் குழாயிலும் சில விழுக்காடு கசிந்தாலே நிலக்கரியைவிட்டு வந்த பயன் பெரிதும் கரைந்துவிடும்.

ஆந்திரக் கடலோரம் இதன் இன்னொரு முகத்தையும் கண்டிருக்கிறது. கோதாவரிக் கழிமுகத்தில் பாசர்லப்பூடியில் 1995 ஜனவரியில் ஓர் எரிவாயுக் கிணறு பீறிட்டுத் தீப்பற்றியது. இரண்டு மாதங்களுக்கும் மேலாக எரிந்தது. அதே வட்டாரத்தில் நகரம் என்னும் சிற்றூரில் 2014 ஜூன் 27 அன்று விடியற்காலையில் குழாயிலிருந்து கசிந்த எரிவாயு தீப்பற்றி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தென்னந்தோப்புகள் நின்ற நிலையிலேயே கருகின. எண்ணூரில் 2019-இல் திறக்கப்பட்ட திரவ எரிவாயு முனையம் கப்பலில் வருவதை நம்பியிருக்கிறது. உலகச் சந்தையில் விலை ஏறினால் நாட்டின் எரிவாயு மின் நிலையங்கள் ஓடாமல் நிற்கின்றன. கேரளத்துக் காயங்குளத்தில் நாப்தா என்னும் பெட்ரோலியத் திரவ எரிபொருளை நம்பிக் கட்டிய 360 மெகாவாட் நிலையம் இப்படித்தான் விலை கட்டாமல் முடங்கியது.

கேள்வி (புத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): அணுமின்சாரத்தில் புகை இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் யுரேனியத்தையும் புதுப்பிக்க இயலாதவற்றின் வரிசையில் வைக்கிறார்கள்? கடப்பைச் சுரங்கத்தைப் பற்றியும் எழுத வேண்டுகிறேன்.

பதில்: புகை இல்லாமல் இருப்பது வேறு, தீராமல் இருப்பது வேறு. யுரேனியம் உலோகத் தாது. தோண்டத் தோண்டக் குறையும். அதிலும் இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் 235 என்னும் வகை நூற்றுக்கு முக்கால் பங்குக்கும் குறைவு. கூடங்குளத்து உலைகளுக்கு அந்தப் பங்கு உயர்த்தப்பட்ட எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலைகள் இயற்கை யுரேனியத்திலேயே, கனநீர் எனப்படும் கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரின் துணையால் இயங்கும் வகை.

கடப்பை மாவட்டத்து தும்மலப்பள்ளியில் 2012 முதல் இயங்கும் சுரங்கத்தின் தாது மிகவும் தரம் தாழ்ந்தது. ஒரு டன் பாறையை வெட்டி, அரைத்து, சோடியம் கார்பனேட் கலந்த கரைசலில் கரைத்தால் அரைக் கிலோவுக்கும் குறைவான யுரேனியமே கிட்டும். மீதி, அதாவது ஏறத்தாழ அந்த டன் முழுவதும், சேறாகக் கழிவுக் குட்டைக்குப் போகிறது. யுரேனியம் எடுக்கப்பட்டுவிட்டாலும் அதனோடு இருந்த ரேடியம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். கழிவுநீரின் உப்பு ஆழ்துளைக் கிணறுகளில் இறங்கி, வாழைத் தோட்டங்கள் கருகுகின்றன என்று சுற்றுவட்டாரக் கிராமத்தார் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். சுரங்கத்தை நடத்தும் பொதுத்துறை நிறுவனம் தன் கழிவால் அது நேரவில்லை என்கிறது. மழை குறைந்த, நிலத்தடி நீரையே நம்பிய ஒரு வட்டாரத்தில், கிணற்றுக்காரர்தான் கேட்டைத் தம் செலவில் மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலை நியாயமற்றது என்பது நம் கருத்து.

புவி வெப்பமாவதை மட்டும் வைத்துப் பார்த்தால் அணுமின்சாரம் காற்றாலைக்கு நிகரான அளவுக்குக் குறைந்த கேடு உடையது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவின் மௌனாலோவா மலை ஆய்வகத்தில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டியிருக்கும் நிலையில், இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. செலவான எரிபொருளை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நம் நாட்டில் இன்னும் நிலையான இடம் கிடைக்கவில்லை என்பதை மறுதட்டில் வைத்து எடை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (பள்ளிப்பட்டு, வீடு கட்டுபவர்): செங்கல்லுக்குப் பதிலாகச் சாம்பல் கல் வாங்கச் சொல்கிறார் மேஸ்திரி. நச்சு உலோகம் கலந்த சாம்பலில் வீடு கட்டலாமா?

பதில்: கட்டலாம். சாம்பல், சுண்ணாம்போடும் சிமெண்டோடும் வினைபுரிந்து இறுகியபின் அதிலுள்ள உலோகங்கள் எளிதில் வெளியேறுவதில்லை. தாங்கள் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா) வகைச் சிமெண்டு மூட்டையிலும் 15 முதல் 35 விழுக்காடு வரை இதே சாம்பல்தான் இருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பலைக் கட்டுமானத்தில் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு முதலில் 1999-இல் அறிவிக்கை வெளியிட்டது; 2021 டிசம்பர் அறிவிக்கை, பயன்படுத்தாத நிலையங்களுக்குத் தண்டத் தொகையும் விதித்தது. செங்கல் சூளைக்காகக் கொசஸ்தலைக் கரை வயல்களின் மேல்மண்ணைச் சுரண்டுவதைவிட இது எவ்வளவோ மேல். தீங்கு, கல் ஆனபின் அன்று, ஆவதற்கு முன். உலர் சாம்பலைக் கொட்டிக் கலக்கும் தொழிலாளி வாயில் துணிகூடக் கட்டாமல் வேலை செய்வதைப் பல இடங்களில் காண்கிறோம். கல் வாங்கும் இடத்தில் தரையில் தண்ணீர் தெளிக்கிறார்களா, முகக்கவசம் தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்த கல்லின் முனையை நகத்தால் கீறும்போது உதிர்ந்தால், சிமெண்டைக் குறைத்துவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

கேள்வி (ஆரம்பாக்கம், கடை வைத்திருப்பவர்): சாம்பல் லாரிகள் தார்ப்பாய் மூடாமல் எங்கள் ஊர் வழியாக ஆந்திரத்துக்குப் போகின்றன, கடைப் பண்டங்கள் மேலெல்லாம் தூசி. இங்கே சொன்னால் வண்டி அந்த மாநிலத்துப் பதிவு என்கிறார்கள். அங்கே சொன்னால் ஏற்றியது தமிழ்நாட்டில் என்கிறார்கள். யாரிடம் போவது?

பதில்: முதலில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்துமூலம் முறையீடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எண், நாள், நேரம், மூடாத பாரம் தெரியும்படி எடுத்த படம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடர்ந்து குறித்து வாருங்கள். ஒரு நாளைய படத்தைவிட ஒரு மாதத்துக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். இரு மாநில அலுவலர்களும் ஒருவர்மேல் ஒருவர் சாட்டினால், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடலாம். அந்த அமர்வின் எல்லைக்குள் தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் எல்லாம் அடங்குவதால், வண்டி எந்த மாநிலத்தது என்ற வாதம் அங்கே எடுபடாது. வழக்கறிஞர் இல்லாமலும் மனுச் செய்யலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் ஆயிரம் ரூபாய். முறையீட்டுக்குக் காரணமான நிகழ்வு நேர்ந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கும். ஆகவே அலுவலகங்களின் பதிலுக்குக் காத்திருந்து அந்தக் காலத்தைத் தவறவிட வேண்டாம்.